பூவுக்கு ஜெயில்... இலைக்கு கூரியர்!

ஒரகடம் கூட்ரோட்டில் காலை ஐந்தே முக்காலுக்கு ஆட்களுக்குப் பெயர் கிடையாது, கலர்தான் உண்டு. நீலச் சட்டை என்றால் ஒரு கம்பெனி, சாம்பல் சட்டை என்றால் இன்னொரு கம்பெனி, சட்டையில் ஆரஞ்சுக் கோடு ஓடினால் கான்ட்ராக்ட். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள் கோவில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்கிற அந்த இடத்துக்குக் கம்பெனி பஸ்கள் வந்து வந்து, கலர் பிரித்து அள்ளிக்கொண்டு போகும்.

நான் போயிருந்தது வேறு வேலையாக. பத்துக்குப் பத்து ரூமில் எட்டுப் பேர் தங்குகிற கதை எழுத. டீக்கடைக்காரர்தான் கோத்துவிட்டார். "ஏம்ப்பா, சாரு பத்திரிகைக்காரரு. உன் பாட்டில் மேட்டரை அவர்கிட்ட கேளேன்!"

சாம்பல் சட்டைக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்குக் கீழே கேரி பேக்கில் சுற்றியிருந்த ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார். பெட்டி மேல் விரல் விரித்த கை மாதிரி ஒரு பச்சை இலை.

"கஞ்சா ஆயில் சார்" என்றார் ரகசியமாக.

ரகசியமாகத்தான் சொன்னார். ஆனாலும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் கிளாஸோடு ரெண்டடி தள்ளிப் போய் நின்றார்கள்.

"இதை வெச்சிருந்தா போலீஸ் புடிச்சிடுமா சார்? புடிக்காதுன்னா, பாப்பாவுக்குக் குடுக்கலாமா? எனக்கு ரெண்டே கேள்விதான்."

பாப்பாவுக்கு ஏழு வயது. ரெண்டு வயதிலிருந்து ஃபிட்ஸ். சென்னையில் நியூரோ ஓ.பி.யில் காட்டி, வால்ப்ரோயேட், குளோபசாம் என்று ரெண்டு மருந்து ஓடுகிறது. அப்படியும் வாரத்துக்கு ரெண்டு மூன்று தடவை வந்துவிடுகிறது. எந்த நேரத்தில் வரும் என்று தெரியாததால் அம்மாக்காரி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இந்த நிலைமையில் யாரோ ஒருவர் செல்போனில் வீடியோ அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை துடிக்கிறது, நாக்கில் நாலு சொட்டு விடுகிறார்கள், துடிப்பு நிற்கிறது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? அந்த வாரச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து ஆர்டர் போட்டாயிற்று.

"டாக்டர் சீட்டு இல்லாம எப்படிக் குடுத்தாங்க?"

"சீட்டு இருக்கு சார். வீடியோ கால்ல ஒரு டாக்டர் வந்தாரு. மூணு நிமிஷம் பேசினாரு. அப்புறம் சீட்டு போன்ல வந்திச்சு."

"குழந்தையைப் பார்த்தாரா?"

"பாப்பா ஸ்கூலுக்குப் போயிருந்திச்சு சார்."

"இப்ப சாப்பிடற மாத்திரை என்னன்னு கேட்டாரா?"

கொஞ்சம் யோசித்தார். "கேக்கல சார்."

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அதனாலதான் சார் உங்களைக் கேக்கறேன். அவங்களைக் கேட்டா ஃபீஸு!" என்றார். சரிதானே! வாடகை வீட்டுக் கட்டுரையைக் கிடப்பில் போட்டுவிட்டு இந்தப் பாட்டிலின் பின்னால் அலைய ஆரம்பித்தேன்.

*

முதல் கேள்விக்கு முதலில் வருவோம். போலீஸ் பிடிக்குமா?

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை (போலீஸ் பாஷையில் என்.டி.பி.எஸ்.) எடுத்து வைத்துக்கொண்டு படித்தால், தமாஷாகத்தான் இருக்கிறது. செடி ஒன்றுதான். ஆனால் அந்தச் செடியைச் சட்டம் கூறு போட்டு வைத்திருக்கிறது. பிசின், 'சரஸ்'. பூவும் காயும் பிடிக்கிற நுனி, 'கஞ்சா'. இரண்டுமே குற்றம். ஆனால் இலையும் விதையும்? நுனியோடு சேர்ந்து வராமல் தனியாக வந்தால் அது கஞ்சாவே இல்லை என்கிறது அதே சட்டம்! அதாவது பூவுக்கு ஜெயில், இலைக்கு விடுதலை.

ஏன் இந்த ஓரவஞ்சனை? இலைதான் வடக்கே பாங்கு. ஹோலிக்குப் பாலில் கலக்கிக் குடிப்பார்கள். சிவராத்திரிக்குச் சாமிக்குப் படைப்பார்கள். 1961-ல் உலக நாடுகள் போதைப்பொருள் ஒப்பந்தம் போட்டபோது, கஞ்சா என்றால் என்ன என்று விளக்கம் எழுதிய இடத்தில் இலையை வெளியே விட்டுவிட்டார்கள். நம் சட்டமும் அதே வழியில் போயிற்று. பாங்கு விஷயத்தை அந்தந்த மாநிலமே பார்த்துக்கொள்ளலாம். உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்க லைசென்ஸோடு பாங்குக் கடையே இருக்கிறது. நம் ஊரில் அப்படிக் கடை கிடையாது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கை ஆரம்பித்த சட்டமே கள், சாராயத்தோடு போதைச் சரக்கையும் சேர்த்துத்தான் பேசுகிறது. 2021 கடைசியில் நம் போலீஸ் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று பெயர் வைத்தே இறங்கினார்கள். கஞ்சா என்ற சொல் காதில் விழுந்ததும் டீக்கடையில் மூன்று பேர் தள்ளி நின்றதில் ஆச்சரியம் இல்லை.

இதுவரை செடி. எண்ணெய்க்கு வரும்போதுதான் முடிச்சு விழுகிறது. அந்தப் பிசினைக் காய்ச்சி இறுக்கிய எண்ணெயை, 'ஹஷீஷ் ஆயில்' என்று பெயர் சொல்லியே சரஸ் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். சரஸில் 100 கிராம் வரை 'சிறிய அளவு'. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்து வருஷத்துக்குக் குறையாது. ஆனால் வெறும் இலையிலிருந்து எடுத்த சாறு என்றால் அது ஆயுர்வேத மருந்து. லைசென்ஸ் உள்ள கம்பெனி செய்யலாம். கூரியரில் வீட்டுக்கே வரும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்? ரெண்டும் கரும்பச்சை. சாறாக இறக்கி, எண்ணெயில் கலந்த பிறகு இது பூவா இலையா என்று எந்த ஏட்டையாவும் மோந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. பாட்டில் மேலே ஒட்டியிருக்கிற காகிதம் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

ஆக, சாம்பல் சட்டைக்காரரின் முதல் கேள்விக்குப் பதில்: 'காகிதம் உண்மை சொன்னால் பயமில்லை.' இதைச் சொன்னதும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். நான் விடவில்லை. காகிதம் உண்மை சொல்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

*

அதற்கு முன்னால் ரெண்டாவது கேள்வி. வேலை செய்யுமா?

எடுத்த எடுப்பில் 'எல்லாம் டுபாக்கூர்' என்று தள்ளிவிட முடியாது. 1839-ல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷானஸி என்கிற வெள்ளைக்கார டாக்டர், நாட்டு வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கஞ்சாச் சாற்றைக் கைக்குழந்தையின் வலிப்புக்குக் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். (இதே மனிதர்தான் பிற்பாடு இந்தியாவுக்குத் தந்தியைக் கொண்டு வந்தார். வலிப்பையும் பார்த்தார், தந்தியையும் அடித்தார்!) கொஞ்ச காலத்துக்கு இங்கிலீஷ் மருந்துக் கடைகளிலேயே கஞ்சா டிங்ச்சர் விற்றிருக்கிறது.

நம் காலத்துக்கு வந்தால், செடியில் ரெண்டு சரக்கு முக்கியம். டி.எச்.சி. என்பது போதை ஏற்றுவது. சி.பி.டி. என்பது போதை ஏற்றாதது. இந்த சி.பி.டி.யைச் சுத்தமாகப் பிரித்து 'எபிடியோலெக்ஸ்' என்று ஒரு மருந்து செய்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 ஜூனில் அனுமதி கொடுத்தது. எல்லா ஃபிட்ஸுக்கும் அல்ல. டிராவே, லென்னாக்ஸ்-கஸ்டோ என்று குழந்தைகளுக்கு வருகிற, லேசில் அடங்காத இரண்டு வகை வலிப்புக்கு மட்டும்தான் அப்போது கொடுத்தார்கள்.

எவ்வளவு கேட்டது? 2017-ல் வந்த ஆராய்ச்சியில் டிராவே வலிப்பு உள்ள 120 பேர். சி.பி.டி. சாப்பிட்ட பாதிப் பேருக்கு மாதம் சுமார் 12 தடவை வந்துகொண்டிருந்தது 6 ஆகக் குறைந்தது. வெறும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஒன்றைச் சாப்பிட்டவர்களுக்கு 15 கிட்ட இருந்தது 14. முழுசாக நின்று போனவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். வீடியோவில் நாலு சொட்டில் நின்று போகிறதே, அந்தக் குழந்தை இந்த ஐந்தில் ஒன்றாக இருக்கலாம். மீதித் தொண்ணூற்றைந்தை யாரும் வீடியோ எடுப்பதில்லை. ஆனால் பன்னிரண்டு ஆறாகக் குறைவது ஒரு தாய்க்குச் சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் இதை நையாண்டி பண்ணிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த மருந்தை ஆரம்பிக்கும்போது உடம்பின் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம். ஒரு வாரம் கழித்து 10. பாப்பாவின் எடை இருபது கிலோ. அப்படியானால் தினம் 200 மில்லிகிராம். பாட்டிலில் 'விஜயா இலைச் சாறு - 1000 மி.கி.' என்று போட்டிருந்தது. (விஜயா என்பது கஞ்சாவுக்கு ஆயுர்வேதத்தில் உள்ள கௌரவப் பெயர்.) அந்த ஆயிரமும் சுத்த சி.பி.டி. என்றே வைத்துக்கொண்டாலும் ஐந்து நாளில் பாட்டில் காலி. ஆனால் போட்டிருப்பது சாற்றின் எடை. சாற்றில் சி.பி.டி. எவ்வளவு, போதை ஏற்றுகிற டி.எச்.சி. எவ்வளவு என்பதற்குப் பெட்டியின் ஆறு பக்கத்திலும் தேடினேன். இலைப் படம்தான் இரண்டு இடத்தில் இருந்தது.

இன்னொரு வில்லங்கம், இதைவிடப் பெரிசு. சி.பி.டி.யும் வால்ப்ரோயேட்டும் சேர்ந்தால் சில பேருக்குக் கல்லீரல் பாதிக்கும். அதனால்தான் அந்த மருந்தைக் கொடுக்கிற இடத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்கிறார்கள். குளோபசாமோடு சேர்ந்தால் அதன் வேகம் ரத்தத்தில் ஏறி, குழந்தை தூங்கித் தூங்கி விழும். பாப்பா சாப்பிடுவது எந்த ரெண்டு மருந்து? மேலே போய் ஒரு தடவை படித்துவிட்டு வாருங்கள். மூன்று நிமிஷ டாக்டர் கேட்காத கேள்வி இதுதான்.

*

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சாம்பல் சட்டைக்காரர் ஒரு விஷயம் சொன்னார். இந்தக் கட்டுரையில் உருப்படியான வாக்கியம் என்று ஒன்று இருந்தால், அது அவர் சொன்னதுதான்.

அவருக்கு வேலை கார் பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். "எங்க லைன்ல ஒரு ஸ்க்ரூ லூஸா போச்சுன்னா, ஆறு மாசம் கழிச்சுக்கூட எந்த லாட்டு, எந்த ஷிஃப்டு, யாரு கைன்னு கம்ப்யூட்டர்ல எடுத்துடுவோம் சார். ஒரு போல்ட்டுக்கு இவ்ளோ பாக்கறாங்க. வாயில ஊத்தறதுக்கு யாரு சார் பாக்கறது?"

யார் பார்க்கிறார்கள் என்றால், மூன்று வாசல் இருக்கிறது. இங்கிலீஷ் மருந்து என்றால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் அரும்பாக்கத்தில் இந்திய மருத்துவத் துறை. கஞ்சா என்றால் போலீஸும் மதுவிலக்கும். இந்தப் பாட்டில் மூன்றையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மூன்று வீட்டு மாப்பிள்ளைக்குப் பட்டினி என்கிற கதைதான்.

இதில் ஒரு ஓட்டை பாருங்கள். ஒரு பாரசிட்டமால் மாத்திரை விற்க வேண்டுமானாலும் கடைக்கு மருந்து லைசென்ஸ் வேண்டும். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விற்க அந்த லைசென்ஸே வேண்டாம். தயாரிக்கத்தான் லைசென்ஸ். அதையும் கொடுப்பது எந்த மாநிலத்தில் தயாரிக்கிறார்களோ அந்த மாநிலம். நம் பாட்டில் தயாரானது இங்கே இல்லை, வடக்கே ஒரு மாநிலத்தில்.

'எங்கேயோ செய்கிறார்கள், என்ன ஆகிவிடப் போகிறது' என்று நினைக்கிறீர்களா? ஒரகடத்திலிருந்து பைக்கை எடுத்தால் அரை மணி நேரத்தில் சுங்குவார்சத்திரம். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில், செல்போன் கம்பெனிகளால் உலகப் புகழ் பெற்ற ஊர். 2025 அக்டோபரில் அது வேறு காரணத்துக்காகப் பேப்பரில் வந்தது. ஸ்ரீசன் பார்மாசூட்டிகல்ஸ் என்ற சின்ன கம்பெனி அங்கேதான் 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அந்த சிரப் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் போயிற்று. சளி, காய்ச்சலுக்குக் குடித்த குழந்தைகளுக்கு மூத்திரம் நின்றது, சிறுநீரகம் செத்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டன.

அக்டோபர் 1-ம் தேதி தகவல் வந்ததும் நம் அதிகாரிகள் போய் எஸ்.ஆர்-13 என்ற பேட்சை எடுத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு நாளில் முடிவு வந்துவிட்டது. டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். இருக்கலாம் என்று விட்டு வைத்திருக்கிற அளவு 0.1. அதாவது சிரப்பில் விஷம் கலந்திருக்கவில்லை. கிட்டத்தட்டப் பாதி விஷத்தில் சிரப் கலந்திருந்தது. அது எதற்குப் பயன்படுகிற சரக்கு தெரியுமா? பிரேக் ஆயிலுக்கு. கார் கம்பெனிகள் வரிசையாக நிற்கிற அந்த ரோட்டில் அதைக் காரில் ஊற்றினால் ஒரு குற்றமும் இல்லை.

அப்புறம் உள்ளே போய்ப் பார்த்ததில் 350-க்கும் மேல் விதிமீறல் எழுதினார்கள். அக்டோபர் 13-ல் லைசென்ஸ் ரத்து. முதலாளி கைது. ஒழுங்காகப் போய்ப் பார்க்கவில்லை என்று இரண்டு மருந்து ஆய்வாளர்கள் சஸ்பெண்ட். எனக்குப் புரியாதது ஒன்றுதான். இரண்டு நாளில் கண்டுபிடிக்க முடிந்ததைச் சிரப் லாரி ஏறுவதற்கு முன்னால் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? அந்த 350-ம் ஒரே ராத்திரியில் முளைத்திருக்காதே!

இதே விஷம் 1937-ல் அமெரிக்காவில் ஒரு மருந்தில் கலந்து 105 பேரைக் கொன்றது. அடுத்த வருஷமே அவர்கள் மருந்துச் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். 1972-ல் இதே சென்னையில் 15 குழந்தைகள். அப்புறம் மும்பை, ஜம்மு, காம்பியா... பட்டியல் நீளம். ஒவ்வொரு தடவையும் லேபிளில் ஒன்று, உள்ளே ஒன்று.

இலை எண்ணெயில் பிரேக் ஆயில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் லேபிளும் உள்ளே இருப்பதும் வேறு வேறாக இருப்பது இந்த எண்ணெய்த் தொழிலில் புதுசு இல்லை. அமெரிக்காவில் இன்டர்நெட்டில் விற்ற 84 சி.பி.டி. சரக்குகளை வாங்கிப் பரிசோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது வெறும் 26-ல். பதினெட்டில், போதை ஏற்றுகிற டி.எச்.சி. இருந்தது. பரிசோதனைக் கூடத்துக்குப் பஞ்சமில்லாத ஊரிலேயே அந்த லட்சணம்!

சுங்குவார்சத்திரத்தில் செய்தது சிந்த்வாராவில் போய்க் குழந்தைகளைக் கொன்றது. வடக்கே எங்கேயோ செய்தது ஒரகடத்தில் டிபன் பாக்ஸுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. மாநில எல்லையில் கூரியர் நிற்பதில்லை. கவனிக்கிறவர்தான் நிற்கிறார்.

*

சரி, தடை போட்டுவிட்டால் தீர்ந்ததா? இல்லை. அதற்கும் நம்மிடமே அனுபவம் இருக்கிறது. மார்ஃபின் கதை.

புற்றுநோய் முற்றி வலியில் துடிப்பவர்களுக்கு மார்ஃபின்தான் கதி. அபினிலிருந்து வருவது. நம் நாடே அபின் பயிரிட்டு உலகத்துக்கு விற்கிறது. ஆனால் 1985 சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளும் கடைகளும் அதைத் தொடவே இல்லை. ஒரு பாட்டில் மாத்திரை வைத்திருக்க மாநிலத்துக்கு மாநிலம் ஒரு கட்டு லைசென்ஸ். நோயாளி கத்திக் கத்தியே போய்ச் சேர்ந்தார். 2014-ல்தான் பார்லிமென்ட் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் போன்ற சிலவற்றை 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று பிரித்தது. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி, பயிற்சி எடுத்த டாக்டர், பதிவேடு, நாடு முழுக்க ஒரே விதி. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969-லிருந்து அண்ணா பெயரில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே வருகிற மாதிரி நோயாளிகளுக்காக வந்த திருத்தம் அது. அந்தப் பட்டியலில் கஞ்சா எண்ணெய் இல்லை.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்? 2018 ஜூனில் இங்கிலாந்தில் ஒரு தாய், வலிப்பு வருகிற தன் பையனுக்காகக் கனடாவிலிருந்து எண்ணெய் கொண்டு வந்தார். ஹீத்ரூ ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். பையனுக்கு வலிப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போக, நாடே கொந்தளித்தது. அந்த வருஷம் நவம்பர் 1-லிருந்து ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் மட்டும் எழுதிக் கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. தாய்லாந்து இன்னொரு கோடிக்குப் போயிற்று. 2022-ல் கதவை அகலத் திறந்துவிட்டார்கள். தெருவுக்குத் தெரு கடை. மூன்றே வருஷத்தில், 2025 ஜூனில், டாக்டர் சீட்டு இல்லாமல் பூவை விற்கக் கூடாது என்று கதவைப் பாதி சாத்தினார்கள். நம் டெல்லி சர்க்காரும் சும்மா இல்லை. 2020 டிசம்பரில் ஐ.நா.வில் கஞ்சாவை 'மிக ஆபத்து' பட்டியலிலிருந்து எடுக்க ஓட்டெடுப்பு நடந்தது. 27-க்கு 25 என்று ஜெயித்தது. எடுக்கலாம் என்று கை தூக்கியவர்களில் இந்தியாவும் உண்டு! உத்தரகாண்ட் 2018-லேயே நார்ச் சணலுக்காகப் பயிரிட லைசென்ஸ் கொடுத்தது. ஜம்முவில் மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடம் மருந்துக்காகவே வளர்க்கிறது.

செடி வளர்க்க லைசென்ஸ், பிழிய லைசென்ஸ், ஆராய்ச்சிக்கு லைசென்ஸ். கடைசிச் சொட்டு குழந்தையின் நாக்கில் விழுகிற இடத்தில் மட்டும் ஆளில்லை.

சந்தேகம் தீர, அங்கேயே ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஏறினேன். கடைக்காரர் விவரமானவர். பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நாங்க வெக்கறதில்ல சார்" என்றார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார். "இது ஹெச்-ஒன் ரிஜிஸ்தர். 2014-லேர்ந்து எழுதறோம். சில ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை எல்லாம் இதுல வந்துடும். டாக்டர் பேரு, பேஷன்ட் பேரு, மருந்து, எத்தனை... மூணு வருஷம் வெச்சிருக்கணும். ஒரு வரி விட்டாலும் இன்ஸ்பெக்டர் மெமோ குடுப்பாரு. இந்தப் பாட்டிலை எந்த நோட்ல சார் எழுதறது?"

அவ்வளவுதான் விஷயம். பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். அந்த நோட்டில் ஒரு வரி. பேட்ச் வாரியாக உள்ளே சி.பி.டி. எவ்வளவு, டி.எச்.சி. எவ்வளவு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட லேபின் சீட்டு. குழந்தையைத் தொட்டுப் பார்த்த நியூரோ டாக்டரின் கையெழுத்து. இதை நம் மாநிலமே ஆரம்பித்து வைக்கலாம். ஸ்க்ரூவுக்கு இருக்கிற மரியாதையைச் சொட்டுக்குக் கேட்கிறோம்.

*

மறுபடி டீக்கடை. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஐந்து நிமிஷம்.

பெட்டியின் அடிப்பக்கத்தில் பொடிப் பொடியாக ஏதோ அச்சாகியிருந்தது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் விஷச் சரக்கு என்று ஒரு பட்டியல் உண்டு. எட்டி, ஊமத்தை, பாங்கு எல்லாம் அதில் வரும். அவை கலந்திருந்தால் லேபிளில் ஒரு எச்சரிக்கை போட்டே ஆக வேண்டும். எந்த பாஷையில் என்றும் விதியிலேயே இருக்கிறது. இங்கிலீஷிலும் ஹிந்தியிலும். தமிழைக் காணோம்!

இங்கிலீஷ் வரி மேல் விலை ஸ்டிக்கரை ஒட்டித் தொலைத்திருந்தார்கள். மிச்சம் ஹிந்தி. சாம்பல் சட்டைக்காரர் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பையா! இங்க வா!"

முதலில் ரெண்டடி தள்ளிப் போன மூவரில் ஒருவர் வந்தார். பீகார் பையன். அதே லைன் வீட்டில் பக்கத்து ரூமாம். டீ கிளாஸை வைத்துவிட்டுப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, உதட்டை அசைத்துப் படித்தான்.

"அண்ணா... 'ஜாக்கிரதை'ன்னு போட்டிருக்கு. டாக்டர் கூட இருந்து பாத்துதான் குடுக்கணுமாம்."

"டாக்டர்னா... போன்லயா?"

"போன்னு எழுதல அண்ணா."

சாம்பல் சட்டை பஸ் வந்துவிட்டது. அவர் பெட்டியை வாங்கி, மூடியைத் திருப்பி எனக்குக் காட்டினார். "சீல் இன்னும் உடைக்கல சார், பாத்துக்கங்க. செவ்வாய்க்கிழமை நியூரோ ஓ.பி. அப்படியே எடுத்துனு போய் டாக்டரம்மாகிட்ட காட்டறேன். திட்டுவாங்க... திட்டட்டும்." டிபன் பாக்ஸுக்கு அடியில் அதைத் திரும்பச் செருகிக்கொண்டு, படியில் ஏறிவிட்டார்.